குறித்துக்கொள்ளப்பட்டது

பதினொரு மணிக்குக் கூட்டம்.
பத்தே முக்காலுக்கே கடிதத்தில் கையெழுத்தாகிவிட்டது.
"நட்பு நாடுகளுடன் கலந்தாலோசித்த பின்"
என்று தொடங்கும் மூன்றாவது பத்தியை
நேற்று மாலை தட்டச்சு செய்தவள் நான்.
நண்பர்கள் அப்போது
விமானத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

தில்லியில் ஜனவரி.
ஜன்னலுக்கு வெளியே சாலை இல்லை, நாவல் மரங்கள் இல்லை,
காவல்காரனின் தொப்பி மட்டும் மிதக்கிறது பனியில்.
காலையில் மூன்று விமானங்களை
ஜெய்ப்பூருக்குத் திருப்பிவிட்டார்களாம்.
உள்ளே இருந்தவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மேசையில் எட்டுக் கொடிகள், ஒவ்வொன்றும் ஒரு சாண்.
ஒன்றைத் தலைகீழாகச் செருகியிருந்தான்
புதுப் பையன் ராம்வீர்.
நிகம் சார் வருவதற்குள் ஓடிப்போய்த் திருப்பினேன்.
அன்று அந்த அறையில்
ஏதாவது மாறியது என்றால்
அந்தக் கொடிதான்.

நிகம் சார் பேசினார்.
தொலைவில் ஒரு கரை. அங்கே நம் எழுநூற்று நாற்பது பேர்.
மழைக்காலத்துக்குள் அறுபதாகக் குறைப்பது உத்தேசம்.
உத்தேசம் என்றால்
கப்பல் பேசி முன்பணமும் கொடுத்தாயிற்று என்று பொருள்.
வரைபடத்தில் அவர் குச்சியின் நிழல்
ஓர் ஊரின் பெயரை மறைத்து நின்றது.

முன் வரிசையில் இருவர் தலையசைத்தார்கள்.
அவர்களுக்குப் போன வாரமே தொலைபேசியில் சொல்லியாயிற்று.
ஆலோசனையிலும் பந்தி உண்டு.
கடைசிப் பந்திக்கு வரும்போது
ரசத்தில் தண்ணீர்தான் மிச்சம்.

கடைசிப் பந்தியில் கர்னல் ஒசேனி.
அந்தக் கரை அவருடையது.
பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது போல் ஒரு கோடுபோட்ட நோட்டு.
விரல் வைத்து வைத்து வாசித்தார்:
உங்கள் முகாம் வாசலில் முப்பத்தொரு கடைகள்.
உங்கள் டாக்டர் கூடாரத்தில் பேர் பதிந்த
கர்ப்பிணிகள் பதினேழு பேர்.
வடக்குப் பாலத்தில் இரவில் எரியும் ஒரே விளக்கு
உங்கள் ஜெனரேட்டருடையது.
அது அணைந்தால்
அக்கரையில் காத்திருப்பவர்களுக்கு
யாரும் கடிதம் எழுத வேண்டியதில்லை.

பிறகு நிமிர்ந்தார்.
"எங்களைக் கேட்கிறீர்களா,
எங்களுக்குச் சொல்கிறீர்களா?"

சுவர் ஹீட்டர் சூடேறும் சத்தம் கொஞ்ச நேரம்.
நிகம் சார் பேனாவை மூடினார்.
கெட்டவர் இல்லை.
அவரையும் மேலே யாரும் கேட்டிருக்கவில்லை.
"உங்கள் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது."

குறித்துக்கொண்டவள் நான்.
பதினேழை எண்ணாலும் எழுத்தாலும் எழுதினேன்,
காசோலையில் எழுதுவது போல,
யாரும் திருத்திவிட முடியாதபடி.

கூட்டம் கலைந்த பின் ராம்வீர் கோப்பைகளை எடுத்தான்.
கர்னலின் கோப்பை நிறைய தேநீர்,
அடியில் சர்க்கரை, போட்டது போட்டபடி.
கலந்தாலோசனை என்ற சொல்லில்
கலப்பதுதான் முதலில் வருகிறது.
இத்தனை வருடமாக
அதை நான் கவனித்ததே இல்லை.

ஐந்து மணிக்கு வரைவு திரும்பி வந்தது.
கடைகள், பாலம், விளக்கு எல்லாம் சேர்ந்து
"சில உள்ளூர் அம்சங்கள்" ஆகியிருந்தன.
பதினேழின் மேல் ஒரு கோடு, பச்சை மையில்,
நேராக, கோபமே இல்லாமல்.
முதல் வரி மட்டும் அப்படியே இருந்தது:
அனைவரின் கருத்தும் கேட்கப்பட்டது.

பொய் என்று சொல்ல முடியாது.
தமிழில் நினைத்துப் பார்த்தால்
கேட்பது காதின் வேலையும்தான்.
எல்லோருக்கும் காது கேட்டது.

மெட்ரோவில் இடம் கிடைக்கவில்லை.
கம்பியைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டேன்.
அங்கே மழை ஏப்ரலில்.
பதினேழில் எத்தனை பேருக்கு அதற்குள் ஆகிவிடும்?
முனீர்க்கா வரும்வரை போட்டேன், வரவில்லை.
தேதிகள் அந்த நோட்டில் இருந்திருக்கும்.
வராந்தாவில் லிஃப்டுக்காக
ஐந்து நிமிடம் என் பக்கத்தில்தான் நின்றார்.

நானும் கேட்கவில்லை.