பழுப்பு

கெளுத்தியை விட்டவன் நான்தான்.
அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
நாவலேரிக் குத்தகை என் பெயரில் வந்த இரண்டாம் வருஷம்,
ஐப்பசி, ராத்திரி இரண்டு மணி,
ஓமலூர் ரோட்டில் விளக்கணைத்து நின்ற லாரியிலிருந்து
ஆறு நீல டிரம்.
மூடியைத் திறந்தால் கறுப்பாக, மீசையாக,
ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு
ஒரு சாண் தண்ணீரில் உயிரோடு இருந்தன.
"எதப் போட்டாலும் திங்கும்ணே" என்றான் டிரைவர்.
பொய் சொல்லவில்லை.

கோழிக்கடைக் குடல் தின்றது.
சேகோ ஆலை விட்ட புளித்த மாவுத் தண்ணீரில்
மற்றதெல்லாம் மல்லாந்தபோது
வாயை மேலே நீட்டிக் காற்றைக் குடித்தது.
அயிரையைத் தின்றது, ஆரலைத் தின்றது,
விரால் குஞ்சைத் தின்றது,
குஞ்சைக் காக்க வந்த விராலையும்.
முக்குளிப்பான் குஞ்சு ஒன்றைக்
காலைப் பிடித்து உள்ளே இழுத்தது ஒரு நாள்.
பீடி அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்த வருஷம்தான்
பாவாயியின் கம்மல் அடகிலிருந்து வந்தது.
இதைச் சொல்லாமல் விடலாம்.
விட்டால் கணக்கு உதைக்கும்.

மீன்வளத்துறை நிலோபர்
கோட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வருவார்.
கேஸ் எழுதத்தான் வந்திருக்கிறார் என்றிருந்தேன்.
"எங்கே படுக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.
நீங்களே பிடியுங்கள்."
கருணையாகச் சொல்லவில்லை.

மதகைத் திறந்து ஏரியின் வயிறு ஒட்டும்வரை விட்டோம்.
கத்திரி வெயில். முழங்கால் சேறு.
மாதையன் வலை இழுத்தான், நான் கையை விட்டேன்.
பொந்துக்குள் விரலைக் கவ்வும் வழுவழுப்பு;
ஒவ்வொன்றும் என்னை அடையாளம் தெரிந்ததுபோல் கத்தியது.
நாலாயிரத்துச் சொச்சம்.
குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம்.
மறுநாள் காலையிலும் அந்த மண் லேசாக அசைந்தது.

ஆலை வாய்க்காலை அடைத்தது கோர்ட்டு.
எங்கள் கோஷமெல்லாம் இல்லை.

ஆவணியில் சேர்வராயன்மேல் இடி இறங்கி
இரண்டாம் நாள்
காப்பித் தோட்டத்துச் செம்மண்ணோடு தண்ணீர் வந்தது.
அதற்குமேல் என் வேலை பரிசலைப் பிடிப்பது மட்டும்.
விடிகாலை ஐந்தரை, நடு ஏரி.
அவர் கண்ணாடிப் புட்டியை நீருக்குள் கவிழ்க்காமல் நிரப்பி
முதல் மருந்து, இரண்டாம் மருந்து, மூடி.
உள்ளே பழுப்பாய்த் திரிந்தால் ஏரிக்கு மூச்சு உண்டு.
வெள்ளையாய்த் திரிந்தால் இல்லை.
முதல் மாதம் முழுக்க வெள்ளை.
ஜவ்வரிசி வெள்ளை.
புட்டியைப் பார்க்காமல் மலையைப் பார்ப்பேன்.
பிறகு ஒரு நாள் வெளிர்மஞ்சள்,
டீக்கடையில் பால் கூடிப்போன டீயைப்போல.
அடுத்து... பழுப்பு.
நிலோபர் ஒன்றும் சொல்லவில்லை. எழுதிக்கொண்டார்.
நான் துடுப்பை இரண்டு தடவை தப்பாகப் போட்டேன்.

விரால் வாங்கி விட்டது சங்கம், நூற்றிருபது ஜோடி.
ஒரு வருஷம் வலை இல்லை.
சங்கக் கூட்டத்தில் மாதையன் கேட்டான்:
"மீனு மூச்சு விடுது சரி, நாங்க?"
யாரும் பதில் சொல்லவில்லை.
பாவாயி வெள்ளிப் பட்டறைக்குக் கொலுசு பற்றவைக்கப் போகிறாள்.
கம்மல் மறுபடி உள்ளே போயிற்று.

நேற்று மேற்குக் கோரையோரம்
தண்ணீரில் குங்குமம் கொட்டியதுபோல் ஒரு திட்டு.
நகர்ந்தது. சுருங்கியது. விரிந்தது.
விரால் பார்ப்பு, ஆயிரம் இருக்கும்,
அடியில் தாயின் நிழல்.
துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
பரிசல் தானாகச் சுற்றி நின்றது.

அப்போது, பத்தடி தள்ளி,
ஒரு குமிழி.
பெரியது. சோம்பேறித்தனமாய் வெடிப்பது.
அந்தக் குமிழியை எனக்குத் தெரியும்.

நிலோபருக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை.
கோழிக்கடையில் அரைக்கிலோ குடல் வாங்கினேன்.
இப்போது மணி ஒன்று.
தூண்டில் கயிறு ஆள்காட்டி விரலில் இருக்கிறது.
மேலே ஏற்காட்டு ரோட்டில்
ஒரு வண்டியின் வெளிச்சம் வளைவு வளைவாக இறங்குகிறது.
கயிறு அசையவில்லை.
இன்னும் அசையவில்லை.