மீன்பாசிக் குத்தகை

பதினோரு வருஷமாக எங்கள் நாலு பேருக்கும்
சேரன்மகாதேவியில் ஒரே பெஞ்சு.
ஆலடிக்குளத்து ஏலத்துக்கு முந்தின சாயங்காலம்
டீ ஆறுவதற்குள் பேசி முடித்துவிடுவோம்:
இந்த வருஷம் யார் எடுப்பது,
மற்ற மூவரும் எவ்வளவு குறைத்து எழுதுவது,
எடுத்தவன் அவரவர் கையில் என்ன வைப்பது.
பத்திரம் கிடையாது. கற்பூரம் கிடையாது.
பிசகினவனுக்கு அடுத்த வருஷம் பெஞ்சில் இடமில்லை;
அந்த அடுத்த வருஷம்தான் எங்களுக்குச் சாட்சி.

போன ஆனியில் ஜெபஸ்டின் வந்து சொன்னான்,
"இதுதான் கடைசி ஏலமாம்வே,
அடுத்து குளம் சங்கத்துக்குப் போவுதாம்லா."
சொல்லிவிட்டு மிச்ச வடையை மென்றான்.
வன்னியபெருமாள் ரோட்டைப் பார்த்தான்.
எப்போதும்போலத்தான் பேசினோம்.
மீரான்கனி முறை, ரெண்டு லட்சத்துப் பத்து.
நாங்கள் அதற்குக் கீழே.

ராத்திரி. உறை. பசை.
மின்விசிறி காகிதத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.
நாளையோடு பெஞ்சே இல்லையென்றால்
நான் எதற்குக் குறைத்து எழுதவேண்டும்?
நான் இப்படி நினைப்பேன் என்று
மீரான்கனி நினைப்பார், தன் தொகையை ஏற்றுவார்.
அவர் ஏற்றுவார் என்று வன்னியபெருமாள் ஏற்றுவான்.
அப்படியானால் நான் இன்னும் கொஞ்சம்.
மூணாவது தடவை அடித்து எழுதியபோது
குளத்தில் எவ்வளவு மீன் என்பதையே மறந்திருந்தேன்.

மறுநாள் ஒன்றிய அலுவலகத்தில் உறைகளைக் கிழித்தார்கள்.
மீரான்கனி, மூணு நாற்பது.
வன்னியபெருமாள், மூணு அறுபத்தஞ்சு.
நான் மூணு எழுபது,
வம்புக்கு ஒரு ரூபாயும் சேர்த்து.
ஜெபஸ்டின், ஒண்ணு எண்பது.
பேசினது பேசினபடி, சுழித்துச் சுழித்து எழுதிய எழுத்தில்.

குளம் எனக்கு.
பங்குனியில் தண்ணீர் வற்ற வலை இழுத்தேன்.
ஆள்கூலி, லாரி, ஐஸ் எல்லாம் போக
வீட்டுக்கு வந்தது சட்டையில் செதில்.

இந்த ஆனியில் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது:
ஆலடிக்குளம், மீன்பாசிக் குத்தகை, வழக்கம்போல்.
சங்கம் என்ற சொல்லே அதில் இல்லை.

போகலாமா என்று மூன்று முறை செருப்பை மாட்டிக் கழற்றிவிட்டுப்
போனேன். மூவரும் இருந்தார்கள்.
ஜெபஸ்டின் மட்டும் நகர்ந்து இடம் விட்டான்.
நிஜமாகவே கேள்விப்பட்டானா,
எங்களை நிறுத்துப் பார்க்கக் கட்டிவிட்டானா,
முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.
வடையைப் பிட்டு ஒரு பாதியை என் பக்கம் தள்ளினான்.
"இந்த வருஷம் யாரு முறைவே?"

நாலு டீக்கும் அவனே காசு கொடுத்திருந்தான்.