மூண்டு மணி தாண்டக்கூடாது

தனுசியன்,
பெட்டியை உன்ர மச்சானிட்டக் குடுத்துவிடுறன்.
பழைய துவாயால சுத்தியிருக்கு. துவாயும் திரும்பி வரவேணும்.
போன தைப்பொங்கலுக்குக் கொண்டுபோன கேபிளை
நான் இன்னும் மறக்கேல்லை.

மஞ்சள் ரேப் ஒட்டின அடாப்ரர் மட்டும்தான் இதுக்குரியது.
இன்ரநெற் பெட்டியின்ர அடாப்ரரும்
இதே துளைக்குள்ள வழுக்கிக்கொண்டு போகும்,
அதே ஒன்பது வோல்ட் எண்டும் எழுதியிருக்கும்.
ஆனா அதுக்கு நடுவில பொசிற்றிவ், இதுக்கு நெகற்றிவ்.
நுழையுறதெல்லாம் பொருத்தமில்லை
(உன்ர கலியாணப் பேச்சைச் சொல்லேல்லை, வயரைச் சொல்லுறன்).

கீபோட்டில இருந்து பெட்டி, பெட்டியில இருந்து மிக்சர்.
அம்பிளிபயரில ஸ்பீக்கருக்குப் போற வாயை
இதுக்குள்ள சொருகினால் ஒரு மணம் வரும்.
அந்த மணத்துக்குப் பிறகு என்னட்ட வராதை.

குத்தேக்கயும் பிடுங்கேக்கயும் சத்தம் பூச்சியத்தில.
போடேக்க அம்பிளிபயர் கடைசி,
நிப்பாட்டேக்க அம்பிளிபயர் முதல்.
விசுவமடு மண்டபத்தில ஜெனரேற்றர்தான் தருவாங்கள்,
ஐஸ்கிறீம் பெட்டியை அதே லைனில கொழுவ விடாதை.
அது மூச்சு வாங்கிற நேரமெல்லாம்
உன்ர பாஸ் முழங்கால் மடிச்சு விழும்.

இரையும். கட்டாயம் இரையும்.
எல்லாத்தையும் ஒரே பலகையில குத்திப் பார்.
அப்பவும் இரைஞ்சால் இரையட்டும்,
ஏர்த் பின்னை மட்டும் முறிச்சுப்போடாதை.
மைக்கில வாய் வைக்கிறது உன்ர தங்கச்சி.

இனி, இடப்பக்கத்து இரண்டாவது குமிழ்.
மூண்டு மணி வரைக்கும் அது சொன்னதைத்தான் செய்யும்:
நீ குடுக்கிற சுரத்தின்ர மேல்தோலைச் சீவும்,
மூக்கால கதைக்க வைக்கும், தண்ணிக்குள்ள அமத்தும்.
மூண்டைத் தாண்டினால்
கட்டையில ஒரு விரலும் இல்லாமல்
தானாய் விசிலடிக்கத் தொடங்கும்.
ஒற்றை நூல் மாதிரிச் சுத்தமான சத்தம்.
மிக்சரில சிவப்பு லைற் வராது,
ட்வீற்றர் உள்ளுக்குள்ள வெந்துகொண்டிருக்கும்.
ஒண்டு எரிஞ்சது. பதினாறாயிரம். நான்தான் கட்டினது.

எண்டாலும் அங்க ஒட்டியிருக்கிற சிவப்பு ரேப்
ட்வீற்றருக்காக ஒட்டினதில்லை.

முள்ளியவளையில ஒத்திகை, பின்னேரம் நாலரை.
புதுப் பெட்டி, ஆசை. குமிழை அந்தம்வரைக்கும் முறுக்கிப்போட்டு
பக்கத்துப் பெரிய குமிழை மெல்ல மெல்ல இறக்கினன்.
விசில் உச்சியில இருந்து சரிஞ்சு வந்தது,
நீளமாய், கிட்டக் கிட்ட.
எனக்கு அது நல்லாயிருந்தது, சொல்லுறதுக்கென்ன.
அந்த வருசம் நான் திருகோணமலையில, ஆண்டு ஏழு.

நிமிர்ந்தால் ஜெனரேற்றர்க்கார அம்புறோசண்ணையைக் காணேல்லை.
மேசைக்குக் கீழ சாரத்தின்ர கரை, ஒற்றைச் செருப்பு.
பாட வந்த இந்துமதியக்கா
தன்ர பிள்ளைக்கு மேல குனிஞ்சபடி,
தூசி தட்டுறமாதிரி
அதின்ர முதுகைத் தட்டிக்கொண்டிருந்தா.
அம்பிளிபயர் முதல் எண்ட ஒழுங்கெல்லாம் மறந்துபோய்
நான் மெயினைப் பிடுங்கினன்.

அண்ணை வெளியில வந்து முழங்காலைத் துடைச்சார்.
"ஏர்த் வயர் கழண்டிருக்கோ எண்டு பார்த்தனான்."
"கழண்டிருக்கோ அண்ணை?"
"இல்லை. இருக்கு."

பிறகு பிளேன்ரி வந்தது. சீனி காணாது எண்டு
எல்லாரும் கொஞ்சம் கூடவே கதைச்சம்.
போகேக்க அவரே தன்ர பையில இருந்து
சிவப்பு ரேப்பை எடுத்து, பல்லால கடிச்சு,
இவ்வளவு நீளம் காணுமோ எண்டு கேட்டார்.

விசுவமடுவில முன்வரிசையில ஆர் இருப்பினமெண்டு
உனக்குத்தான் தெரியும்.
மேல ஏறுற விசில் பரவாயில்லையாம்,
அவரைக் கேட்டுத்தான் எழுதுறன்.
இறங்கிறது வேண்டாம்.

ஞாயிறு பின்னேரம் நான் ஒட்டுசுட்டானில நிப்பன்.
அடாப்ரர், துவாய்.
கேபிளும்.

யசிந்தா