ஜிப் வைத்த வீடு

பர்லியாறு சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள்.
தண்ணீர் பாட்டில் இல்லை. கேரி பேக் இல்லை.
அடியில் மடித்துக் கிடந்தது
நாலடி உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறை.
"இது என்னம்மா?"
"வீடு சார். செடிக்கு."
அவர் ஜிப்பை ஒருமுறை மேலே இழுத்தார்,
ஒருமுறை கீழே.
சிரிக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

காந்தலில் எங்கள் வாசலுக்கு வெயில் வருவது பத்தரைக்கு,
போவது இரண்டே முக்காலுக்கு.
அதற்குள் துணி காய வேண்டும்,
மிளகாய் காய வேண்டும்,
ஜெரேனியம் பூக்கவும் வேண்டும்.

மூன்று தட்டு, கட்டாகக் கம்பிகள், ஒரு பொட்டலம் இணைப்புகள்.
அட்டைப்பெட்டிப் படத்தில் யாரோ ஒருத்தி
சிரித்துக்கொண்டே மாட்டுகிறாள்.
நானும் பெலவேந்திரனும் பேசாமல் மாட்டினோம்.
இரண்டு இணைப்பு மிஞ்சியது.
எங்கே போக வேண்டியவை, தெரியவில்லை.

மேலே பிகோனியா.
நடுவில் ஃபூஷியா,
ஜிமிக்கிப் பூ என்பாள் பக்கத்து வீட்டுக் கமருன்னிசா.
கீழே பெயின்ட் டப்பாக்களில் ஜெரேனியம் மூன்று.
ஹைட்ராஞ்சியாவுக்கு இடமில்லை.
உடைந்த வாளியோடு சுவரோரம் தள்ளினேன்.
அதனிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

பெலவேந்திரனுக்கு ஏடிஎம் காவல்.
இரவு பத்திலிருந்து காலை ஆறு.
அதுவும் கண்ணாடி வீடுதான்,
ஆனால் உள்ளே ஏசி நிற்பதே இல்லை.
எந்திரத்துக்குச் சூடு ஆகாதாம்.
புல் வெளுத்துப்போகும் இரவிலும்
அவன் தலைக்கு மேல் அது
கடமை தவறாமல் குளிரை ஊதும்.

மார்கழியில் ஒருநாள்
பூங்காவில் பூஜ்யம், தலைகுந்தாவில் அதற்கும் கீழே
என்றது ரேடியோ.
ஐந்து மணிக்கு ஃபிளாஸ்க்கோடு கிளம்பினேன்.
வாசலில் உறை முழுக்க உள்பக்கம் வியர்த்திருந்தது.
செடிகள் இரவெல்லாம் மூச்சுவிட்டிருக்கின்றன.
கடைத்தெருவில் அந்தக் கண்ணாடியும் அப்படியே.
உள்ளங்கையளவு துடைத்த வட்டத்தில்
ஒரு கண், பாதி மூக்கு, மஃப்ளர்.
கதவைத் தட்டினேன்.
கார்டு போட வந்த ஆள் என்று நினைத்து
எழுந்து நின்றான்.

விடிந்தபோது வாளிச் செடி கறுத்திருந்தது,
வெந்த கீரை மாதிரி.
உறைக்குள் ஓரிலை வாடவில்லை.
எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது,
மறைப்பானேன்.
தெருவில் நாலு பேரிடம் விலை சொன்னேன்.

தை பிறந்ததும் தங்கைக்குப் பிரசவம், மேட்டுப்பாளையத்தில்.
"வெயில் வந்ததும் ஜிப்பைத் திற.
போனதும் மூடு. அவ்வளவுதான்."
தலையாட்டினான்.
மாற்று ஆள் வரவில்லை.
பகலும் அவனே நின்றிருக்கிறான்,
இரண்டு நாள்.

திரும்பி வந்து ஜிப்பை இழுத்தேன்.
இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி
முகத்தில் அடித்தது ஆவி.
பனிக்குத் தப்பியதெல்லாம்
வெயிலில் அவிந்து கிடந்தது.
ஜிமிக்கிகள் கொழகொழவென்று விரலில் ஒட்டின.

கேட்பதற்குப் பதினெட்டு கேள்வியோடு உள்ளே போனேன்.
கதவு சாத்தி, ஜன்னல் சாத்தி,
ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்குகிறான்.
கழுத்தில் இரண்டு சுற்று மஃப்ளர்.
அதற்குக் கீழே, இந்த ஊரில்,
இந்த மாதத்தில்,
வியர்வை.

ஒரு சுற்றைத் தளர்த்தினேன்.
ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்தேன்.
அது நிற்காமல் மூடிக்கொண்டது.
அலமாரியில் தேடி
மிஞ்சிக் கிடந்த இணைப்பு ஒன்றை
இடுக்கில் சொருகினேன்.
நின்றது.

இன்னொன்றைக் கொண்டுபோய்
வாசலில் காலி உறையின்
ஜிப் முனையில் சொருகிவிட்டு வந்தேன்.
உள்ளே ஒன்றுமில்லை, இருந்தாலும்.

மாசியில் வாளிச் செடி அடியிலிருந்து
மூன்று கணு விட்டது.
கமருன்னிசா, "உள்ள எடுத்து வையேன், இப்பதான் இடமிருக்கே" என்றாள்.
வாளியைக் கையில் எடுத்தேன்.
கனமாக இருந்தது.
அங்கேயே இறக்கினேன்,
முன்பு இருந்ததைவிட
வெயில் பக்கம் ஒரு சாண் தள்ளி.