நாற்பத்தொன்றாம் கட்டில்

விபாவா பள்ளத்தாக்கு, 1917

பெயர் இல்லாமல் வந்தவன்.
கழுத்தில் தகடு இல்லை, பையில் கடிதம் இல்லை,
கேட்டால் வாயும் இல்லை.
பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரி ஆக்கியபோது
யாரும் அழிக்காமல் விட்ட கரும்பலகையில்
பாதியில் நின்ற ஒரு வகுத்தல் கணக்கு.
அதன் கீழே கிடத்தினோம்.

டாக்டர் கொப்ரீவா சொன்னார்:
"வியாழனுக்குள் பெயர் வேண்டும், ஸோஃப்கா.
பெயரில்லாதவனுக்கு ரொட்டி எழுத முடியாது.
ஒற்றன் என்றால் அதற்குப் படிவமே வேறு."

அவன் போட்டிருந்த கோட்டிலிருந்து தொடங்கினேன்.
எங்கள் பேரரசின் சாம்பல் நிறம்.
நெஞ்சில், இடப்பக்கம், விரல் நுழையும் ஓட்டை,
சுற்றிலும் காய்ந்து பலகையாகிவிட்ட ரத்தம்.
ஆனால் அவன் நெஞ்சைத் துடைத்தவள் நான்.
ஒரு கொசுக்கடிகூட இல்லை.
காயம் தொடையில்.

இந்தக் கோட்டுக்குள் ஒருவன் செத்திருக்கிறான்.
இவன் பிறகு குடிவந்தவன்.

இரவு, புர்யாக் காற்று
கூரை ஓடுகளின் மேல் வைத்த கற்களை உருட்டிப் பார்த்தது.
நான் கார்பைடு விளக்கடியில் பூட்ஸைத் திருப்பினேன்.
செம்மண். மேட்டு நிலம் முழுக்க அதே செம்மண்தான்,
எங்கள் குழியிலும் அவர்கள் குழியிலும்.
மண்ணைக் கேட்டுப் பயனில்லை.

காய்ச்சலில் எண்ணினான்.
ஊனோ, தூவே, த்ரே...
இத்தாலியன் என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.
கொரீட்ஸியா சந்தையில் பாதிப் பேர் அப்படித்தான் எண்ணுவார்கள்.
முட்டை வாங்கும்போது நானும்.
என்னை உறுத்தியது வேறு:
ஒவ்வொரு முறையும் பதினேழில் நின்றான்.

மூன்றாம் நாள் கட்டுப் பிரிக்கையில்
சீழோடு குண்டு தானே வெளியே வந்தது.
கழுவினேன்.
எங்கள் துப்பாக்கியின் குண்டு.
யாரும் பார்க்குமுன் ஏப்ரன் பைக்குள் போட்டேன்.
ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.
இப்போதும் முழுசாகத் தெரியாது.

ஸ்ட்ரெச்சர் தூக்கும் யெர்னேயிடம் கேட்டேன்.
"கல்லுக் குவியல் பக்கத்தில் கிடந்தான், சிஸ்டர்.
குவியலுக்கடியில் ஒரு பிணம், சட்டையோடு.
முகம் மட்டும் மூடவில்லை.
நகமெல்லாம் பிய்ந்திருந்ததே இவனுக்கு, பார்க்கவில்லையா?"

பார்த்தேன். சித்திரவதை என்று நினைத்திருந்தேன்.

பதினேழு கற்கள்.
பதினெட்டைத் தூக்கும்போதுதான்
எங்கள் ஆள் எவனோ குறி பார்த்திருக்கிறான்.

அன்றிரவு கோட்டின் உள்துணியைப் பிரிக்கப் போனேன்,
கத்தரிக்கோல் நின்றுவிட்டது.
உள்பையின் ஓரத்தில் நீல நூல் தையல்.
கோணல் தையல். என் தையல்.
ஆகஸ்டில் கறுப்பு நூல் தீர்ந்துபோய்
மேசைவிரிப்பிலிருந்து உருவி எடுத்தது.
"சார்ஜெண்ட் என்னைத் தோலுரிப்பான்" என்று சிரித்தான்
கார்ப்பரல் இக்னாத்ஸ் ப்ரெத்ஸெல்.
பதிவேட்டில் அவன் இன்னும் உயிரோடிருக்கிறான்.

அந்தப் பெயரை எடுத்து
இவனுக்குப் போட்டுவிடலாம். ஒரு நிமிட வேலை.
ரொட்டி வரும், சூப் வரும்.
ப்ரெத்ஸெலின் மனைவிக்கும் ஒரு தபால் போகும்,
நலமாக இருக்கிறார் என்று.
பேனாவை மூடி வைத்தேன்.

விடியுமுன் அவனிடம் போய்
நீல நூலைக் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தான்.
"குளிராக இருந்தது" என்றான்.
"அவனுக்கு இனி குளிராது என்று நினைத்தேன்.
அதனால்தான் கல்."
எந்த மொழியில் சொன்னான் என்று
டாக்டரும் கேட்டார். காற்றுச் சத்தம் என்றேன்.

வியாழன்.
சுவரில் பிள்ளைகளின் கோட்டுக் கொக்கிகள்,
ஒவ்வொன்றின் மேலும் ஒட்டிய பெயர்ச்சீட்டு.
சாம்பல் கோட்டு தொங்கிய கொக்கியில்
மூன்றாம் வகுப்பின் வட்டமான கையெழுத்து: மெத்தோத் சூக்.
அதையே எழுதினேன்.
கீழே, வேறு வரியில்,
ப்ரெத்ஸெலின் மரணத்தையும் எழுதினேன்,
கல்லுக் குவியல் இருக்குமிடத்தோடு.

என்றைக்காவது யாராவது அந்தப் பதிவேட்டைப் புரட்டினால்
எட்டு வயதுப் பையன் தொடையில் குண்டோடு
சிகரெட் பங்கு வாங்கியதை நினைத்து
மண்டையைப் பிய்த்துக்கொள்வார்.
பிய்த்துக்கொள்ளட்டும்.
குண்டு என்னிடம் இருக்கிறது.