காரணம்: ஏழு

மூக்கண்டப்பள்ளியில் என் பங்குக்கு வந்தது
நூற்றி முப்பத்தொரு கதவு.
வரைபடத்தை நானே வரைந்தேன்:
பால் பூத், தண்ணீர்த் தொட்டி, மூடிக் கிடந்த ஒர்க்‌ஷாப்,
அப்புறம் ஒரே அச்சில் பதினெட்டு அறைகள்,
ஆஸ்பெஸ்டாஸ் கூரை, எல்லோருக்கும் ஒரு குழாய்.
வடமேற்கில் தொடங்கித் தென்கிழக்கில் முடிக்க வேண்டும் என்பது விதி.
தெருநாய்க்கு அது தெரியவில்லை.

பகலில் ஏழு பேர் தூங்கும் அறையில்
இரவில் வேறு ஏழு பேர் தூங்குகிறார்கள்.
பாய்கள் ஆறுவதே இல்லை.
குடும்பத் தலைவர் யார் என்றேன்.
சிரித்தார்கள்.
அறைக்கு அட்வான்ஸ் கட்டியவரைத்
தலைவர் ஆக்கினேன்.

தாய்மொழிக் கட்டம் வந்தால்
ஓசூரில் பேனா கொஞ்சம் தயங்கும்.
எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்:
சண்டை தெலுங்கில், கணக்கு தமிழில்,
மாட்டை அதட்ட மட்டும் கன்னடம்.
தையல்கடை மும்தாஜ் பேகம் அளவெடுப்பது உருதுவில்,
பாக்கி கேட்பது எல்லா மொழியிலும்.

போன கணக்கெடுப்பில் இந்தத் தெரு கேழ்வரகுக் கொல்லை.
அன்று எழுதியது: வீடு ஒன்று, ஆள் ஐந்து.
அந்த ஐவர்தான் இன்று
பதினெட்டு அறைக்கும் வாடகை வாங்குகிறார்கள்.

பதினோராம் அறை.
சூரடா எர்ரய்யா, முப்பத்தெட்டு, ஸ்ரீகாகுளம் பக்கம்.
மனைவி, ஒரு பெண்குழந்தை.
தெலுங்கு என்றதும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.
இரண்டே வாக்கியத்தில் இருவரும் தடுமாறினோம்.
அவர் தெலுங்கில் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர்கள்.
என் தெலுங்கில் காற்று வெறும் காற்று,
ரோஜாக் கொட்டகையின் பிளாஸ்டிக்கைக் கிழித்தால்
ஒரு வசவு.
சமுத்திரம் என்ற சொல்
எங்கள் வீட்டில் புழங்கித் தேய்ந்ததே இல்லை.
படிவத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே மொழி எண்.

பிறந்த இடம்?
ஊர்ப் பெயர் சொன்னார். எழுதினேன்.
கடைசியாக வசித்த இடம்?
அதே பெயர்தான், கையை மட்டும்
ஒரு சாண் தள்ளிக் காட்டினார்.
“இப்ப அது உள்ளே.”
உள்ளே என்றால்?
“தண்ணி வத்தும்போது கோயில் மொட்டை தெரியும்.
முதல்ல ரேஷன்கடை போச்சு.
அப்புறம் ரெண்டு வரிசை. அப்புறம் நாங்க.
உங்களை மாதிரி ஒரு மாஸ்டர் வந்து
எங்க சுவத்துல அறுபத்தி நாலுன்னு எழுதினார்.
மீனுங்க படிச்சுக்கட்டும்.”

இடம்பெயர்ந்த காரணம்:
வேலை ஒன்று, வியாபாரம் இரண்டு,
படிப்பு மூன்று, கல்யாணம் நான்கு,
பிறந்த கையோடு வந்தது ஐந்து,
குடும்பத்தோடு வந்தது ஆறு.
கடல் வந்ததற்கு எண் தேடினேன்.
சூப்பர்வைசர் தேவேந்திரப்பாவுக்குப் போன் போட்டேன்.
“இங்க என்ன பண்றார்?”
லேத்தில் இருக்கார் சார்.
“அப்ப ஒண்ணு போடுங்க டீச்சர்.”

பேனா ஒன்றின் மேல் நின்றது.
எர்ரய்யா எட்டிப் பார்த்தார்.
“வேலை அங்கேயும் இருந்துச்சு” என்றார்.

ஏழு எழுதினேன்.
ஏழு என்றால் மற்றவை.

மார்ச் மூன்றாம் தேதி திருத்தச் சுற்று.
பிறந்திருந்தால் சேர்க்கலாம், இறந்திருந்தால் அடிக்கலாம்.
பதினோராம் அறை வாசலில் புதிதாக ஒரு செருப்பு,
சாக்கில் சுருட்டிய வலை ஒன்று.
எர்ரய்யாவின் தம்பி, நேற்றுக் காலை வந்து இறங்கியவன்.
ஒன்றாம் தேதி பிறக்கும் நள்ளிரவில்
எங்கே இருந்தாய் என்றேன்.
ரயிலில்.
எந்த ஸ்டேஷன்?
தூங்கிட்டேன் என்றான்.
ஊரில் அவனை எழுத வந்தார்களா?
எழுதச் சுவர் இல்லை.

அந்த நள்ளிரவுக்குப் பின் வந்தவரை
நான் சேர்க்கக் கூடாது.
படிவத்தை மடித்துக் கவரில் வைத்தேன்.

தண்ணீர் லாரி வந்தது.
குடத்தோடு முதல் ஆளாய் ஓடினான்.
டிரைவர் டியூபைப் பிடித்தபடி கேட்டார்:
“பதினொண்ணுக்கு மூணு குடம்தானே?”
“நாலு” என்றான்,
வந்த மறுநாளே கற்றிருந்த
ஒரே தமிழ்ச் சொல்லில்.
லாரிக்காரர் எண்ணிக்கொண்டார்.