அகலம் நூறு சதவீதம்

புந்தா அரேனாசில் ஜூன் மாதம்
காலை ஒன்பதரைக்கும் விடியாது.
படகுக் கம்பெனி டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால்
அந்த இருட்டில்தான் இணையப் பக்கம் எழுதக் கற்றேன்.

முதல் பக்கம் பார்க்க லட்சணமாக இருந்தது.
கால அட்டவணையைப் படம் எடுத்து அப்படியே ஒட்டியிருந்தேன்.
பின்னணி கடல்நீலம்,
எழுத்து அதைவிடக் கொஞ்சம் வெளிர்நீலம்.
ரத்தான படகுக்குச் சிவப்பு அடித்தேன்.
ஒரு வார்த்தையும் எழுதவில்லை.
சிவப்பைப் பார்த்தால் தெரியாதா என்ன?

ரோசமெல் மன்சியா, அக்கார்டியனுக்குச் சுருதி சேர்ப்பவர்,
வியாழன்தோறும் அக்கரை போகிறவர்,
கைத்தடியைச் சாய்த்துவிட்டு
போனை என் மேஜைமேல் வைத்தார்.
அதற்குள்ளிருந்து ஒரு குரல் மூச்சுவிடாமல் வாசித்தது:
படம். படம். ஐஎம்ஜி அடிக்கோடு
நாலாயிரத்து எழுபத்தொன்று. படம்.
"சரி யாஸ்னா," என்றார்,
"அந்த நாலாயிரத்து எழுபத்தொன்று மணிப் படகுக்கு
ஒரு டிக்கெட் கொடு."

அன்றிரவு படத்தைக் கிழித்தேன்.
வரிசை, நிரல், ஒவ்வொரு நிரலுக்கும் தலைப்பு.
அதுவரை எனக்குத்
தடித்த எழுத்தெல்லாம் தலைப்புதான்.
பொத்தானைப் பொத்தான் என்றே அழைத்தேன்.
வெறும் பெட்டிக்கு நிறம் பூசி
பொத்தானாக நடிக்கவிட்டிருந்தேன் முன்பு;
விசைப்பலகை அதை
முகம் தெரியாதவனைப்போல் தாண்டிப் போனது.
சிவப்புக்குப் பக்கத்தில் எழுதினேன்: ரத்து.

அடுத்த வியாழன் ரோசமெல் ஒன்றும் சொல்லாமல்
சரியான நேரத்துக்கு வந்து நின்றார்.
எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூலையில் காற்று தொண்ணூறில் அடித்தது.
நெல்டா பரியா அதிகாலை ஐந்து மணிக்கு
லாரி நிறைய ஆடுகளோடு துறையில் நின்றாள்.
கீறல் விழுந்த அவள் போனில்
ஊர் தெரிந்தது, நாள் தெரிந்தது, நேரம் தெரிந்தது.
நான்காவது நிரல்
கண்ணாடிக்கு வெளியே, வலப்புறம் எங்கோ,
ரத்து என்று சுத்தமாக, இலக்கணமாக
யாருக்கும் தெரியாமல் எழுதியிருந்தது.

அட்டவணையின் அகலம் ஆயிரத்து இருநூறு பிக்சல்.
என் மேஜைத் திரையின் அகலம்.
உலகத்துக்கே அந்த அளவில்
சட்டை தைத்துவிட்டிருக்கிறேன்.

நெல்டா திட்டவில்லை.
"என்னிடம் வேண்டாம்,
ஆடுகளிடம் போய் மன்னிப்புக் கேள்" என்றாள்.
போனேன். ஈரக் கம்பளி நாற்றம்.
ஒன்று என் கையுறையை மென்றது.

இப்போது 'அறுநூறுக்குக் கீழே என்றால்' என்று
ஒரு நிபந்தனை எழுதியிருக்கிறேன்.
அப்போது நிரல்கள் கலைந்து ஒன்றன்கீழ் ஒன்றாக உட்காரும்,
நிலைமை முதல் வரியில் வரும்.
திரைச் சாளரத்தின் ஓரத்தைப் பிடித்து
உள்ளே தள்ளி, வெளியே இழுத்து,
அக்கார்டியன் கற்கிற பிள்ளைபோல்
விடிய விடியப் பார்க்கிறேன்.

இன்னும் ஒரு கோளாறு.
மிகக் குறுகிய போனில் அக்கரை ஊரின் பெயர்
போர்வெ என்றும் னிர் என்றும் இரண்டாக முறிகிறது.
எங்கள் மொழியில் அதற்கு
எதிர்காலம் என்று பொருள்.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.
வெளியே கொடிக்கம்பம் ஊளையிடுகிறது.
காற்று எழுபதைத் தாண்டிவிட்டது;
முதலில் அந்த வார்த்தையைத் தட்ட வேண்டும்.